செல்லக்கனிக்கு ஊற்றிய தண்ணீர்

"நான் என்ன சொல்லியிருக்கணும், சிஸ்டர்?"

ஜெசிந்தா டீச்சர் இப்படிக் கேட்டபோது, பிபியானா சிஸ்டர் கன்னியர் மடத்துக் கொல்லையில் குத்தவைத்து உட்கார்ந்து பீடத்துணி அலசிக்கொண்டிருந்தாள்.



பூசைப் பாத்திரம் துடைத்த துணி அது. அதன் முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரு முறை உண்டு. சிஸ்டர் எழுந்துபோய்ச் சட்டித் தண்ணீரை முருங்கை மூட்டில் ஊற்றினாள். எங்கிருந்தோ மடத்துக் கோழி ஒன்று ஓடிவந்து, மண் இழுப்பதற்குள் கொத்திக் கொத்திக் குடித்தது.

"ஐயோ, கோழி குடிக்குது சிஸ்டர்!"

"தாகம் போல."

சிஸ்டர் மறுபடி வந்து குத்தவைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தாவுக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவள் என்றைக்கும் இப்படித்தான். டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது விடுதியில் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே வாளி. கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கொண்டாள், ஒருத்தி மடத்துக்குப் போனாள். அப்போதெல்லாம் பிபி. இப்போது சிஸ்டர். வயது ஒன்றுதான் என்றாலும், ஊரில் மனசு சரியில்லாதவர்கள் எல்லாம் இவளைத்தான் தேடி வருகிறார்கள். வந்து கேட்டால் இவள் வாளியைப் பார்ப்பாள், கோழியைப் பார்ப்பாள்.

"நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பிழிஞ்சு குடு."

ஜெசிந்தா துணியை வாங்கிப் பிழிந்தாள்.

நடந்தது இதுதான்.

வடலிவிளை புனித மார்த்தா நடுநிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் மணி இரட்டையாக அடிக்கும். அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்க மாதா கோயில் தாழ்வாரத்துக்குப் போகும். மற்ற பிள்ளைகள் நீதிபோதனைக்கு இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏழாம் வகுப்பில் அமலியும் இசக்கியும் ஒரே பெஞ்சு. இரட்டை மணி மட்டும்தான் அவர்களைப் பிரிக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜாமெட்ரி பாக்ஸ். ஒரு வாரம் அமலி வீட்டுக்குப் போகும், மறுவாரம் இசக்கி வீட்டுக்கு.

இசக்கியின் அம்மா செல்லக்கனி செத்துப்போனாள். வயிற்றில் கட்டி. ஆபரேஷனுக்கு என்று உள்ளே கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஞானோபதேச வகுப்பில் அமலி கையைத் தூக்கினாள்.

மறைமாவட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா கேள்வி பதில்களை வேக வேகமாக வாசித்துக்கொண்டு போனாள். வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. மதியத்துப் பால் கட்டி, நெஞ்சு கல்லாய்க் கனத்தது. எப்போது மணி அடிக்கும், எப்போது ஓடலாம் என்று இருந்தது.

"டீச்சர், ஞானஸ்நானம் வாங்காதவங்க மோட்சத்துக்குப் போவாங்களா?"

"போக மாட்டாங்க. உக்காரு."

அமலி உட்கார்ந்தாள்.

யாருக்காகக் கேட்கிறாய் என்று ஜெசிந்தா கேட்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

அதற்கு முந்தின வாரம்தான் அவள் இன்னொரு பாடம் நடத்தியிருந்தாள். சாகக் கிடக்கிற அவசரத்துக்குச் சாமியார்தான் வரவேண்டும் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லி, இன்ன வார்த்தை சொல்ல வேண்டும். பிள்ளைகள் அந்த வார்த்தையைக் கோரஸாகச் சொல்லி மனப்பாடம் பண்ணின. அமலி நன்றாகப் படிக்கிற பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் கோயில் வாசல் தொட்டியிலிருந்து தீர்த்தத்தைத் தண்ணீர் பாட்டிலில் மொண்டுகொண்டாள். ஊருக்கு வெளியே செம்மணல் தேரிக்காட்டில் இருக்கிற இடுகாட்டுக்குப் போனாள். செல்லக்கனியைப் புதைத்த மேட்டில், தலைமாட்டுப் பக்கமாகப் பார்த்து ஊற்றினாள். அந்த வார்த்தையைச் சொன்னாள். பேர் வைக்க வேண்டுமே, அதையும் வைத்தாள்.

மரிய செல்லக்கனி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லக்கனியின் கொழுந்தன் அதைப் பார்த்துவிட்டான். அமலியைக் கையைப் பிடித்து, தெருவழியே இழுத்துக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் விட்டான்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட கேட்டில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. இசக்கியின் அப்பா சுயம்பு.

"எம் பொண்டாட்டிக்குப் பேரு வைக்க நீங்க யாரு?"

பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"அவ ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒருத்தராவது எட்டிப் பாத்தியளா? செத்த பொறவு வந்து வேதத்துல சேக்கியளோ? மண்ணுக்குள்ள கெடக்குறவளக்கூட விட மாட்டியளா?"

தலைமையாசிரியை சிஸ்டர் ஓடிவந்து உள்ளே கூப்பிட்டார்.

"உள்ள ஒண்ணும் வர வேண்டாம். எம்மவ சர்ட்டிபிகேட்டக் குடுங்க. போதும் படிச்சது."

அவன் கத்தினான், ஆனால் கண்ணீர் விடவில்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு அவள் மூன்று பேரிடம் போய்க் கேட்டாள்.

பங்குச் சாமியார் சொன்னார்: "செத்தவங்களுக்குக் குடுக்குற ஞானஸ்நானம் செல்லாது, டீச்சர். ஒண்ணுமே நடக்கலைன்னுதான் அர்த்தம். அதை அந்த ஆளுக்கு எடுத்துச் சொல்லுங்க. அமலியையும் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

தலைமையாசிரியை சொன்னார்: "இனிமே மத்தப் பிள்ளைங்களைப் பத்தி ஏதாச்சும் கேள்வி வந்தா, காதுல வாங்காம அடுத்த பாடத்துக்குப் போயிரு. காலம் கெட்டுக் கிடக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடச் சொல்லுவாங்க."

நீதிபோதனை எடுக்கிற தங்கபுஷ்பம் டீச்சர் சொன்னாள்: "இதென்ன ஜெசி, பெரிய விஷயமா? எல்லாச் சாமியும் ஒண்ணுதான், எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போவாங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நான் அப்படித்தான் சொல்லுவேன். பிள்ளைங்க மறுகேள்வி கேக்காது."

ஒவ்வொருத்தர் சொன்னதும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது ஒன்றும் நிற்கவில்லை.

அமலியை அவள் அம்மா விளக்குமாற்றால் அடித்திருந்தாள். அடியைப் பற்றி அமலி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குள் போகும்போது வாசல் தொட்டியில் விரலை வைப்பதில்லை. எல்லோரும் தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அவள் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியைச் சுற்றி நடந்து போவாள்.

அதைப் பார்த்த அன்றுதான் ஜெசிந்தா மடத்துக் கொல்லைக்கு வந்தாள்.

துணியெல்லாம் கொடியில் ஏறியாயிற்று.

"சொல்லு பிபி. நான் என்ன சொல்லியிருக்கணும்?"

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இசக்கி வீட்டுக்குப் போ."

"போய்?"

"தண்ணி கேளு."

"மன்னிப்பா?"

"தண்ணி."

அன்று சாயங்காலமே ஜெசிந்தா போனாள். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே போனாள். சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது, பள்ளிக்கூடம் சொல்லிச் செய்யவில்லை, படிப்பை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் கேட்பதை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்றுதான் குழப்பம். முதலில் வைத்தாள்.

சுயம்பு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

"என்ன டீச்சர்?"

"கொஞ்சம் தண்ணி வேணும்ணே."



"எங்க வீட்டுத் தண்ணி ஒங்களுக்கு ஆகுமா? மந்திரிக்காத தண்ணியால்லா இருக்கு."

"அண்ணே..."

"ஆயுத பூசைக்கு எம்மவ ஆசையாக் கொண்டாந்த பொரிகடலைய, படைச்சதுன்னு திருப்பிக் குடுக்கச் சொன்னது யாரு? நீங்கதானே? அமலி வாயில போட்டதத் துப்பிட்டுத் தந்தாளாம். எம் பொண்டாட்டி வறுத்த கடல அது."

ஜெசிந்தா தயார் பண்ணிய பேச்சை விட்டுவிட்டுப் படியிலிருந்து இறங்கினாள்.

"தெருமுக்குல குழாய் இருக்கு. குடிச்சிட்டுப் போங்க."

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை முருங்கை மூட்டில் நின்றுகொண்டு ஜெசிந்தா சொன்னாள்: "குடுக்கல, சிஸ்டர்."

"தாகம் எடுத்துச்சா?"

"எனக்கா? இல்ல."

"பின்ன எப்படிக் குடுப்பாங்க?"

ஜெசிந்தாவுக்கு வந்த கோபத்தில், கொடியில் காய்ந்த துணியை எல்லாம் உருவித் தரையில் போட்டுவிட்டுப் போகலாம் போல இருந்தது. போடவில்லை. மறுபடி துவைக்க வேண்டுமே.

சனிக்கிழமை. அரைநாள் பள்ளி முடிந்ததும், பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுக்கும்படி மாமியாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் தேரிக்காட்டுப் பக்கம் நடந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. அமலி போன இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

உச்சி வெயில். தேரியில் நிழல் என்றால் பனை நிழல்தான். அதுவும் மரத்து மூட்டிலேயே சுருண்டு கிடந்தது. செம்மணல் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுத்தது. பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சூடு தாங்காமல் ஓடினாள். ஓடினால் மணல் இன்னும் ஆழமாய் வாங்கியது.

மேட்டை நாய் பறிக்காமல் இருக்க முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். மாலை காய்ந்து சருகாய்க் கிடந்தது. பால் ஊற்றிய மண்கலயம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அமலி ஊற்றிய தடம் ஏதாவது இருக்கும் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. எங்கும் ஒரே மணல்.

இந்த வெயிலில் அந்தச் சின்னப் பிள்ளை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வழியில் ஒரு மடக்குக்கூடக் குடித்திருக்காது.

நின்றுகொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

திரும்பும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் அடைத்தது. ஊருக்குள் வந்து முதல் தெருவில் திரும்பினால் முதல் வீடு சுயம்புவினுடையதுதான். அதுகூட அவளுக்குச் சுவரைப் பிடித்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

சுயம்பு ஆட்டோவுக்கு அடியில் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

அவளுக்குப் பேச்சு வரவில்லை. கையைக் குவித்து வாய்க்கு நேரே காட்டினாள். அவ்வளவுதான்.

அவன் எழுந்து நின்றான்.

"ஏட்டி இசக்கி! தண்ணி கொண்டா."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பானையில இல்லப்பா. குடிதண்ணி நாளைக்குத்தான விடுவாவ."

"தெருமுக்குல?"

"அங்கயும் வரல."

"வாளியில?"

"அது உப்புத் தண்ணிப்பா. காலு கழுவத்தான் ஆகும்."

"பரவால்லண்ணே," என்று சொல்லித் திரும்பப் போனாள் ஜெசிந்தா. நடக்க முடியவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சுயம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கைப்பிள்ள இருக்கோ?"

"ஏழு மாசம்."

அவன் ஸ்பேனரை ஆட்டோவின் மேல் வைத்தான். மறுபடி எடுத்தான். மறுபடி வைத்தான்.

"இசக்கி. அம்மாவுக்கு வச்சத எடுத்துட்டு வா."



கதவு திறந்திருந்தது. செல்லக்கனி படுத்திருந்த மூலையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. ஆள் இறந்த வீட்டில் பதினாறு கழிகிற வரைக்கும் அப்படி வைப்பார்கள். செத்தவர் தாகத்தோடு வருவார், வந்தால் குடிக்க வேண்டும் என்று.

இசக்கி விளக்குக்கு முன்னால் நின்றாள். இந்த ஒரு வாரத்தில் இளைத்துப்போயிருந்தாள்.

"அது அம்மாவுக்குப்பா."

"அவ இருந்தா குடுத்திருப்பா. எடுத்துட்டு வாட்டி."

அவள் இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தளும்பாமல், பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள்.

சுயம்பு சொன்னான். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை. "படைச்ச தண்ணி, டீச்சர். சொல்லிட்டேன். ஒங்க இஷ்டம்."

சொம்பு ஜெசிந்தாவின் கைக்கு வந்தது. விளக்கெண்ணெய் வாடை, திருநீற்று வாடை. சொம்புக்குள் அவள் முகம் ஆடிக்கொண்டே தெரிந்தது. பொரிகடலையை அமலி துப்பியது நினைவுக்கு வந்தது. துப்பச் சொன்ன தன் குரலும் நினைவுக்கு வந்தது.

அண்ணாந்தாள். குடித்தாள். கழுத்து வழியே கொஞ்சம் வழிந்து ஓடியது. நடுவில் நிறுத்தவில்லை.

சொம்பைத் திருப்பி வாங்கிய இசக்கி அதற்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கவிழ்த்துப் பார்த்தாள்.

"காலியாயிட்டு," என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரல் ஒருமாதிரி இருந்தது. "தெனமும் பாக்கேன் டீச்சர். வச்சது வச்சபடியே இருக்கும். ஒரு விரக்கடக்கூடக் கொறையாது. அம்மா வரவே இல்ல."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா என்கிட்டதான் தண்ணி கேட்டா டீச்சர். ஆபரேசனுக்கு முன்ன. நாக்கக்கூட நனைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாவ. அப்பா மருந்து வாங்கப் போயிருந்தாவ. பாட்டில் என் கையிலதான் இருந்துச்சு. அம்மா என்னயப் பாத்துக் கேட்டுக்கிட்டே இருந்தா. நான் குடுக்கல."

சுயம்பு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குழியில எல்லாரும் பால் ஊத்துனாவ டீச்சர். அம்மா கேட்டது தண்ணி."

இசக்கி காலிச் சொம்பைப் படியில் வைத்தாள்.

"அமலி பாட்டில் வச்சிருந்தா. ஒங்கம்மாவுக்குத்தான் கொண்டாந்திருக்கேன், எடத்தக் காட்டுன்னா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நீயாட்டி?" என்றான் சுயம்பு.

"ஆமாப்பா. சித்தப்பா வந்ததும் நான் பனைக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன். அவளத்தான் பிடிச்சாவ." அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. டீச்சரையே பார்த்தாள். "அவ ஊத்துனா டீச்சர். என்னமோ முணுமுணுன்னு சொன்னா. எனக்குக் கேக்கல. நான் தண்ணியத்தான் பாத்துட்டு இருந்தேன். ஊத்த ஊத்த உள்ள போயிட்டு. ஒரு சொட்டு மேல நிக்கல. பாட்டில் முழுசும் குடிச்சிட்டா."

தேரி மணல் எதை ஊற்றினாலும் குடிக்கும். குடம் குடமாய் ஊற்றினாலும் குடிக்கும். ஜெசிந்தா ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் எடுக்கிறாள்.

இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை.

சுயம்பு முகத்தை ஆட்டோவின் தார்ப்பாயில் வைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. அவனை அழவிட்டுவிட்டு, இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெயில் கொஞ்சம் தாழ்ந்த பிறகு ஜெசிந்தா எழுந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கண்ணே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கோவத்துல சொல்லல டீச்சர். கோவம் போயிட்டு. இது பொம்பள இல்லாத வீடு. நான் லோடு ஏத்திட்டுப் போனா எப்ப திரும்புவேன்னு எனக்கே தெரியாது. இவ வேற வளந்துட்டா. பதினாறு கழிஞ்சதும் கோவில்பட்டியில எங்கக்கா வீட்ல கொண்டுபோய் விடுதேன். அங்கயே படிக்கட்டும்."

இதற்கு எந்தச் சாமியாரும் எந்தத் தலைமையாசிரியையும் பதில் சொல்ல முடியாது. ஜெசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள்.

தெருவில் இறங்கியதும் பின்னால் காலடி கேட்டது. இசக்கி ஓடிவந்தாள். கையில் ஜாமெட்ரி பாக்ஸ்.

"இந்த வாரம் அமலி முறை டீச்சர். அவகிட்ட குடுத்துருங்க."

"சரி."

"அம்மா குடிச்சிட்டான்னும் சொல்லிருங்க. அவளுக்குத் தெரியாது."

மடத்துக் கொல்லையில் பிபியானா சிஸ்டர் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல் வந்து நின்றவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"குடிச்சியா?"

"படைச்ச தண்ணி, பிபி."

சிஸ்டர் மடிப்பதை நிறுத்தினாள்.

"எப்படி இருந்துச்சு?"

ஜெசிந்தா யோசித்தாள்.

"தண்ணியாத்தான் இருந்துச்சு."

 சிஸ்டர் மடித்த துணியின் மேல் கையை வைத்தாள்.

"நான் என்ன சொல்லியிருக்கணும்னு நீ இன்னும் சொல்லல," என்றாள் ஜெசிந்தா.

"எங்கிட்ட ஏன் கேக்குற? கேள்வி கேட்டவ கோயில் வாசல்ல உக்காந்திருக்கா."

அமலி வாசல் படியில்தான் இருந்தாள். தீர்த்தத் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்தாள். ஜாமெட்ரி பாக்ஸைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"இசக்கி வர மாட்டாளா டீச்சர்?"

"கோவில்பட்டிக்குப் போறா. அத்தை வீட்டுக்கு."

"என்னாலதானே?"

"இல்ல."

அமலி அதை நம்பவில்லை. பாக்ஸை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே காம்பஸும் அடிக்குச்சியும் இடம் மாறி விழுந்து சத்தம் போட்டன.

"ஒரு கேள்வி கேக்கலாமா டீச்சர்?"

"கேளு."

அமலி உடனே கேட்கவில்லை. டீச்சர் என்ன செய்கிறாள் என்று பார்த்தாள். ஜெசிந்தா சேலையை ஒதுக்கிக்கொண்டு, படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாமியார் கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் ஊத்துனது செல்லாதாம். ஒண்ணுமே நடக்கலையாம்." அவள் பாக்ஸை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அவ்ளோ தூரம் கொண்டுபோனேன் டீச்சர். சிந்தாமக் கொண்டுபோனேன். ஒண்ணுமே நடக்கலையா?"

"இசக்கியோட அம்மா குடிச்சிட்டாங்களாம், அமலி."